192 என்னும் எண்ணும் அதைச் சுமக்கும் டிரைவரும்: மோட்டு எம்2 மதிப்புரை

பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியிருக்கும் கொழிஞ்சாம்பாறையில் ஒரு சிறிய ஒலிப்பதிவு அறை நடத்தி வருகிறேன். இங்கு வரும் வேலைகளில் ஒரு பாதி, பாட்டு, மிருதங்கம், நாதஸ்வரம் ஆகியவற்றை நேரடியாகப் பதிவுசெய்வது. மறுபாதி, கல்பாத்தி, நூரணி, சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் பீரோவுக்குள் பல காலமாகக் கிடக்கும் கச்சேரி கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது. இரண்டுக்கும் இப்போது நான் பயன்படுத்துவது மோட்டு நிறுவனத்தின் எம்2 என்னும் யு.எஸ்.பி. ஆடியோ இண்டர்ஃபேஸ், அதாவது மைக்கின் ஒலியை எண்ணாக்கிக் கணினிக்குக் கொடுத்து, கணினியின் ஒலியை வெளியே தரும் பெட்டி. வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, அதன் சாம்பிள் ரேட் 192 கிலோஹெர்ட்ஸ் வரை போகுமா என்பதைத்தான். போகும். ஆனால் அந்த எண் கருவியிலிருந்து கணினிக்குள் சேதமில்லாமல் போய்ச் சேர்கிறதா, சேர்த்து வைப்பதற்கு டிரைவர் (கருவியையும் கணினியையும் பேச வைக்கும் சிறு மென்பொருள்) என்ன செய்கிறது என்பதே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி என்று கருதுவதால், இந்த மதிப்புரையில் பெரும் பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

கருவியைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்பக்கத்தில் மைக், லைன், கிடார் ஆகிய மூன்றையும் ஏற்கும் இரண்டு காம்போ ஜாக்குகள், ஒவ்வொன்றுக்கும் மைக்குக்கு மின்சாரம் தரும் தனித்தனி 48 வோல்ட் பொத்தான், உள்ளே வரும் ஒலியை நேரடியாகக் கேட்கத் தனித்தனி மானிட்டர் பொத்தான், ஹெட்போனுக்கென்று ஒரு திருகு. பின்பக்கத்தில் ஸ்பீக்கருக்கான ஜாக்குகள், ஆர்.சி.ஏ. வெளியீடு, மின்னணுக் கீபோர்டு போன்றவற்றை இணைக்கும் மிடி துளை இரண்டு, யு.எஸ்.பி. சி துளை, ஒரு பவர் சுவிட்ச். இந்த விலைக்குள் கிடைக்கும் பல கருவிகளில் இல்லாத இரண்டு பொருள்கள் இதில் உண்டு: உள்ளே வருவதையும் வெளியே போவதையும் நிறத்தோடு காட்டும் சிறு திரை, ஈ.எஸ்.எஸ். நிறுவனத்தின் சேபர் வகை டி.ஏ.சி. (எண்ணை மறுபடி ஒலியாக மாற்றும்) சிப். நாதஸ்வரம் வாசிப்பவர் ஒரு பிருகாவில் திடீரென்று மேலே ஏறும்போது கணினித் திரையைத் தேடாமல் கைக்கு எதிரிலேயே அளவைப் பார்த்துக் குறைக்க முடிவது, பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் வைத்திருக்கும் கருவிகளில் கிடைக்காத வசதி. ஒலியின் தெளிவைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

இனி 192 பற்றி. ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து எண்ணாக்குகிறோம் என்பதே சாம்பிள் ரேட். அந்த அளவீட்டின் பாதி அதிர்வெண் வரைதான் பதிவில் நிற்கும், ஆகவே சி.டி.யின் 44.1 கிலோஹெர்ட்ஸ் 22 கிலோஹெர்ட்ஸ் வரையும், 96 என்பது 48 வரையும், 192 என்பது 96 வரையும் பிடிக்கும். மனிதக் காது நல்ல நிலையில் இருந்தாலும் 20 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்பதில்லை. வயது ஏற ஏற அதுவும் இறங்கும். பெரும்பாலான மைக்குகளும் 20ஐ ஒட்டியே சரிந்துவிடுகின்றன. எனவே 192இல் பதிவுசெய்தால் மேல் பாதியில் சேர்வது பெரும்பாலும் இரைச்சல்தான்; சார்ஜர், எல்.இ.டி. விளக்கு முதலியவற்றின் ஸ்விட்சிங் சத்தமும் அந்தப் பகுதியில் வந்து உட்காரக்கூடும். உயர் சாம்பிள் ரேட்டே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 96இல், மேல் அதிர்வுகளை வெட்டும் ஃபில்டர் மெதுவாகச் சரிய இடம் கிடைக்கிறது, பின்னால் வேகத்தையோ சுருதியையோ மாற்ற நேர்ந்தால் கையாளத் தாராளமாக இருக்கிறது, பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்துக் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) அதேயாக இருக்க, நேரத் தாமதம் 48இல் இருப்பதில் பாதியாகிறது. கேசட், ஸ்பூல் போன்ற பழைய ஒலிகளைக் காப்பவர்களுக்கு ஐ.ஏ.எஸ்.ஏ. என்னும் சர்வதேச ஒலி ஆவணக் காப்பகச் சங்கம் கூறும் குறைந்த அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். நடைமுறையில் காப்பகங்கள் 96க்குப் போகின்றன. நானும் கேசட்டுக்கு 96, புதிய பதிவுக்கு 48 அல்லது 96 என்று வைத்திருக்கிறேன்.

192க்கு இன்னொரு தடை கோப்பின் அளவு. இரண்டு சானல், 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 11,52,000 பைட். வேவ் கோப்பின் தலைப்பகுதியில் அளவைக் குறிக்கும் இடம் 32 பிட்தான் என்பதால், 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பாக அது நிற்காது. கணக்குப் போட்டால் 62 நிமிடத்தில் எல்லை வந்துவிடுகிறது. வர்ணத்தில் தொடங்கி மங்களம் வரை இரண்டரை மணி நேரம் போகும் கச்சேரியில், ராகம் தானம் பல்லவியின் நடுவே கோப்பு முடிந்துபோவதை யாரும் விரும்ப மாட்டார்கள். 96இல் அந்த எல்லை இரண்டு மணி நான்கு நிமிடம். 48இல் நான்கு மணிக்கும் மேல். ரீப்பர் போன்ற பதிவு மென்பொருள்களில் ஆர்.எஃப்.64 என்னும் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தடை நீங்கும். நீண்ட கச்சேரி எடுப்பவர்கள் அதை முதலிலேயே அமைத்துவிடுவது நல்லது.

கருவிக்கும் கணினிக்கும் இடையில் உள்ள கம்பியில் என்ன நடக்கிறது என்பதைச் சொன்னால்தான் டிரைவரின் பங்கு விளங்கும். பழைய யு.எஸ்.பி. 1.1இன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். அதில் ஒரு மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் ஒலி போகும். ஒரு பொட்டலத்தில் அதிகபட்சம் 1023 பைட்தான் ஏறும். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சானலுக்கு மில்லிநொடிக்கு 576 பைட் வேண்டும், இடம் இருக்கிறது. 192க்கு 1152 பைட் வேண்டும், இடம் இல்லை. எனவே 1998இல் வந்த யு.எஸ்.பி. ஆடியோவின் முதல் வகுப்பு என்னும் பொது விதிமுறையைப் பின்பற்றி அந்த வேகத்தில் ஓடும் கருவி எதுவும், அட்டையில் என்ன அச்சிட்டிருந்தாலும், 192ஐ அந்த வழியாகச் சுமக்க முடியாது. 480 மெகாபிட் வேகமுள்ள யு.எஸ்.பி. 2.0உம், அதற்கேற்ப 2006இல் வந்த ஆடியோ இரண்டாம் வகுப்பும்தான் இதைச் சாத்தியமாக்கின. எம்2 இந்த இரண்டாம் வகுப்பைப் பின்பற்றும் கருவி.

ஆனால் தரநிர்ணயம் வந்துவிட்டால் போதாது, கணினியின் இயங்குதளமும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்பிள் கணினிகளில் 2010இலேயே, மேக் 10.6.4இல், இரண்டாம் வகுப்புக்கு ஆதரவு வந்துவிட்டது. லினக்ஸும் ஏறக்குறைய அதே காலத்தில் அதைச் சேர்த்துக்கொண்டது. விண்டோஸுக்கு 2017 வரை, அதாவது விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவிக்குத் தானே டிரைவர் எழுதித் தர வேண்டியிருந்தது. எழுதும் பொறுமையும் புதுப்பிக்கும் மனமும் இல்லாதவர்களின் கருவிகள் விண்டோஸின் அடுத்த பதிப்பு வந்ததும் வெறும் டப்பாக்களாகிப் போயின. "டிரைவரே வேண்டாம், செருகினால் போதும்" என்று கடைகளில் சொல்லப்படுவது பாதி உண்மைதான். செருகினால் ஒலி வரும். பதிவுசெய்துகொண்டே தாமதமில்லாமல் கேட்க வேண்டும் என்றால் விண்டோஸில் ஆசியோ டிரைவர் வேண்டும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ, எல்லா மென்பொருள்களின் ஒலியையும் ஒன்றாகச் சேர்க்கும் விண்டோஸின் ஒலிக்கலவையைத் தவிர்த்துவிட்டு, மென்பொருளையும் கருவியையும் நேரடியாகப் பேச வைக்கிறது. அந்தக் கலவையின் வழியாகப் போனால் நீங்கள் எந்த ரேட்டில் கோப்பை வைத்திருந்தாலும் கணினி தான் விரும்பிய ரேட்டுக்கு அதை மாற்றிவிடும்; உயர் சாம்பிள் ரேட்டுக்காகச் செலவழித்த பணம் அங்கேயே கரைந்துபோகும்.

முன்பு என்னிடம் இருந்த இண்டர்ஃபேஸின் பெயர் இங்கே தேவையில்லை. விண்டோஸ் ஒரு பெரிய அப்டேட் எடுத்த பிறகு அதற்குப் புதிய டிரைவர் வரவேயில்லை. பஃபரை 512க்குக் கீழே இறக்கினால் ஒலியில் பட்பட் என்று வெடிப்பு. 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்பது ஒரு வழிக்கே 10.7 மில்லிநொடி, போய்த் திரும்ப இருபதைத் தாண்டும். கல்பாத்தியிலிருந்து வந்த ஒரு மூத்த மிருதங்க வித்வான், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு நிறுத்தினார்.

"ஏண்டா கொழந்தே, சாப்பு நான் போட்டாச்சு, அப்பறமான்னா அது காதுல விழறது. இதைக் கேட்டுண்டு எப்படி வாசிக்கறது?"

"மாமா, அது கம்ப்யூட்டருக்குள்ள போயிட்டுத் திரும்பி வர்ற சத்தம். கொஞ்சம் பொறுங்க."

அவர் காது சொன்னது துல்லியமான உண்மை. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடிக்கு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். இருபது மில்லிநொடி தாமதம் என்பது ஏழு மீட்டர் தள்ளி உட்கார்ந்து தன் வாசிப்பைத் தானே கேட்பதற்குச் சமம். தாளத்தை உயிராக மதிப்பவர் அதைத் தாங்கமாட்டார், தாங்கவும் கூடாது. அதே வித்வான் பின்னர் எம்2இல் வாசித்தபோது 96 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 64 வைத்தேன். கோர்வை முடியும்வரை ஹெட்போனைக் கழற்றவே இல்லை. 96 கிலோஹெர்ட்ஸ், 32 சாம்பிளில் போய்த் திரும்பும் தாமதம் 2.5 மில்லிநொடி என்று மோட்டு நிறுவனம் கூறுகிறது. தொலைவாக மாற்றினால் அது 85 சென்டிமீட்டர். மடியில் இருக்கும் மிருதங்கத்திலிருந்து வாசிப்பவரின் காதுக்குள்ள தூரத்தைவிடச் சற்றே அதிகம். என் மடிக்கணினியில் 32 வைத்தும் ஓடுகிறது, ஆனால் எதிரொலி போன்றவற்றைச் சேர்க்கும் எஃபெக்ட் பிளக்இன்கள் ஏறினால் திணறுகிறது; 64இல் எந்தக் கவலையும் இல்லை. இந்த ஒன்றுக்காகவே இந்தக் கருவியின் டிரைவரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

தாமதத்துக்கு அடுத்தபடி கவனிக்க வேண்டியது கடிகாரம். ஒலியை அளக்கும் கருவிக்குள் ஒரு கடிகாரம், கணினிக்குள் இன்னொன்று. இரண்டும் முழுக்க ஒத்து ஓடுவதில்லை. பழைய மலிவான கருவிகள் கணினி அனுப்பும் வேகத்துக்குத் தங்களை மாற்றிக்கொண்டன. இப்போதைய நல்ல கருவிகளில் அசிங்க்ரனஸ் முறை. அதாவது கருவியின் கடிகாரமே தாளம் போடுகிறது, கணினி பக்கவாத்தியக்காரரைப் போல அதைப் பின்தொடர்கிறது, கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை என்று கருவி அவ்வப்போது சொல்லி அனுப்புகிறது. இது சரியாக நடந்தால் மணிக்கணக்கில் பதிவுசெய்தாலும் தம்புராச் சத்தத்தில் ஒரு கீறல் விழாது. தம்புராவைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் உண்டு. தனி ஆவர்த்தனத்தின் நடுவே விழும் சிறு கிளிக்கை யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் ஆலாபனைக்கு முன்னால் தம்புரா மட்டும் ஒலிக்கும் அந்த அமைதியில் ஒரு சாம்பிள் விட்டுப்போனாலும் காதில் முள்ளாகக் குத்தும். புதிய இண்டர்ஃபேஸ் எதுவானாலும் நான் முதலில் செய்யும் சோதனை, தம்புராவை மட்டும் நீண்ட நேரம் பதிவுசெய்து ஹெட்போனில் கேட்பதுதான். எம்2 அதில் சுத்தமாகத் தேறியது.

ரேட் பொருத்தமில்லாமல் போனால் சுருதியே மாறிவிடும் என்பதையும் பாடகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் எடுத்ததை, தலைப்பைத் தவறாகப் படிக்கும் மென்பொருளோ டிரைவரோ 44.1 என்று நினைத்து ஒலிக்கவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். ஐந்து கட்டைக்குப் பாடியவர் நாலரைக்கும் நாலுக்கும் நடுவில் எங்கோ பாடுவதுபோல் இருக்கும், காலமும் தளரும். எங்கள் ஊர்ப்பக்கம் கைமாறிக் கைமாறி வரும் கச்சேரிக் கோப்புகள் சிலவற்றில் இப்படிச் சுருதி இறங்கியிருப்பதைக் கேட்டிருக்கிறேன். எம்2இல் மென்பொருள் கேட்கும் ரேட்டுக்குக் கருவி தானே மாறிக்கொள்கிறது, இப்போது எந்த ரேட்டில் ஓடுகிறது என்பதை மோட்டுவின் சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் பார்த்து உறுதிசெய்துகொள்ளவும் முடிகிறது.

கருவி உண்மையாகவே உயர் ரேட்டில் பதிவுசெய்கிறதா என்று அறிய வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. சாவிக்கொத்தை மைக்குக்கு முன்னால் குலுக்கி 96இல் பதிவுசெய்து, அந்தக் கோப்பை ஸ்பெக்ட்ரோகிராமில், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்பதைக் காட்டும் படத்தில், பார்க்க வேண்டும். சாவிகள் மோதும் ஒலியில் காதுக்கு எட்டாத உயர் அதிர்வுகளும் உண்டு. எம்2இல், மெல்லிய கன்டென்சர் மைக்கில், 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலி மங்கலாகத் தொடர்வது தெரிகிறது. மலிவு விலைக்கு 192 என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு கருவியில் இதையே செய்துபார்த்தபோது 24க்கு மேல் கத்தியால் வெட்டினதுபோல் இருட்டு. உள்ளே 48இல் அளந்துவிட்டு வெளியே பெரிய எண்ணாக ஊதிக் காட்டியிருக்கிறார்கள். வாங்கும் இடத்திலேயே இதைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும். கோயம்புத்தூரில் கடைக்குப் போய் வாங்குபவர்கள் மடிக்கணினியையும் சாவியையும் கொண்டுபோகலாம்.

நல்ல கருவி, நல்ல டிரைவர் இரண்டும் இருந்தும் வெடிப்புச் சத்தம் வந்தால் குற்றம் கணினியின் வேறு ஏதாவது ஒரு டிரைவரிடம் இருக்கலாம். ஒலிப் பொட்டலங்கள் யு.எஸ்.பி.யில் ஒருமுறைதான் அனுப்பப்படும். பிழையானால் திருப்பி அனுப்பும் ஏற்பாடு இல்லை. அந்த நேரத்தில் வைஃபை அட்டையின் டிரைவரோ பேட்டரி நிர்வாக டிரைவரோ கணினியின் பிராசஸரைச் சில மில்லிநொடி பிடித்துவைத்துக்கொண்டால் ஒலி அறுந்துபோகும். லேட்டன்சிமான் என்னும் மென்பொருள் எந்த டிரைவர் அப்படிச் செய்கிறது என்று பெயரோடு காட்டிவிடும். என் மடிக்கணினியில் அது சுட்டிக்காட்டியது வைஃபையை. பதிவு நேரத்தில் அதை அணைத்துவைக்கிறேன், விண்டோஸின் பவர் அமைப்பில் யு.எஸ்.பி.யைத் தூங்கவைக்கும் வசதியையும் நிறுத்திவிட்டேன். ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கணினியில் செருகுவதும், ஐந்து மீட்டருக்குள் நல்ல கேபிள் போடுவதும் அவசியம்.

மின்சாரம் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எம்2 தனியாக அடாப்டர் எதுவும் கேட்பதில்லை, யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டே அதற்குப் போதும், மைக்குக்கான 48 வோல்ட்டையும் அதிலிருந்தே உருவாக்கிக்கொள்கிறது. மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் கிராமத்தில், மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு முழுக்க பேட்டரியில் பதிவுசெய்ய முடிவது பெரிய நிம்மதி. இன்வெர்ட்டரின் உறுமலும், நிலத்தொடர்பு இல்லாத இருமுனைச் சார்ஜர் தரும் மெல்லிய ரீங்காரமும் அப்போது ஒலிக்குள் வருவதில்லை. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து நாதஸ்வரம் எடுக்கும்போது இந்த வசதியின் அருமை இன்னும் நன்றாகத் தெரியும்.

கேசட் மாற்றும் வேலைக்கு டெக்கின் ஆர்.சி.ஏ. வெளியீட்டை எம்2இன் முன்பக்க ஜாக்குகளுக்குக் கொண்டுவர இரண்டு மாற்றுக் கம்பிகள் தனியாக வாங்க வேண்டும். திரையில் இரு சானலின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் இடது, வலது சமமாக இருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். லினக்ஸ் கணினியில் எந்த டிரைவரும் நிறுவாமல் 96இல் ஓடியது, ஐபேடிலும் அப்படியே.

இதில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். உள்ளே வரும் நேரடி ஒலியையும் கணினியிலிருந்து திரும்பும் ஒலியையும் வேண்டிய விகிதத்தில் கலக்கும் திருகு எம்2இல் கிடையாது. அது பெரிய மாதிரியான எம்4இல்தான் உண்டு. தம்புராப் பெட்டியின் பதிவைக் கேட்டுக்கொண்டே பாடுபவர்களுக்கு இது தேவைப்படும் என்பதால் அவர்கள் எம்4ஐப் பார்ப்பது நல்லது. டிஜிட்டல் உள்ளீடு எதுவும் எம்2இல் இல்லை. இரண்டே உள்ளீடு என்பதால் பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றுக்கும் தனித்தனி மைக் வைத்து ஒரே நேரத்தில் எடுக்க முடியாது. எம்4இலும் மைக் ஏற்பவை இரண்டுதான், மீதி இரண்டும் லைன் உள்ளீடு. நவம்பரில் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கல்பாத்தியில் நடக்கும் இசை விழாவைப் போன்ற இடங்களில் மிக்ஸரிலிருந்து ஸ்டீரியோவாக ஒரு லைனை வாங்கிப் பதிவுசெய்ய இந்த இரண்டு போதும். வித்வான்களைத் தனித்தனி டிராக்கில் எடுத்துப் பின்னால் கலக்க நினைப்பவர்கள் எட்டு உள்ளீடுள்ள கருவியைத் தேட வேண்டும், தேடும்போது அதன் டிரைவர் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்த பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.